நாகேசரைத் தேடி ஒரு மெயில் பட்டன்

"பிள்ளை, நீர்தானே என்னைச் சாகடிச்சது?"

மூன்று கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை, காலை ஏழு மணி. ஒரு கையில் இடியப்ப உரல், மறு கையில் போன். கனடா இலக்கம். வயதான ஆண் குரல்... கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. நான் யாரையும் சாகடிக்கவில்லை, இலக்கம் மாறி எடுத்துவிட்டீர்கள் என்றேன்.

"இலக்கம் மாறேல்லை. நான் நாகேசு. புளியங்கூடல் கதிரவேலு நாகேசு. செத்து இண்டைக்கு நாலு நாள்."

உரலைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்றரை மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர்!

இவர் எப்படிச் செத்தார், அதற்கு நான் எப்படிப் பொறுப்பானேன் என்று சொல்வதென்றால் எங்கள் ஒழுங்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் மாட்டுவண்டி போன ஒழுங்கை அது. இப்போது மோட்டார் சைக்கிள் போகும், ஓட்டோ போகாது. காரணம் நாகேசரின் காணி வேலி. பூவரசையும் கிளுவையையும் கதியாலாக நட்டுவிட்டுக் குடும்பத்தோடு கனடா போய் முப்பது வருடத்துக்கு மேல். நட்ட தடி தடியாகவே நிற்குமா? மரமாகி, ஒழுங்கைக்குள் பாதி தூரம் வந்துவிட்டது. அது போதாதென்று, ஊரில் இருந்த காலத்தில் வேலி அடைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் ஒழுங்கைப் பக்கம் அரக்கினார்கள் என்றும் கதை. வேலி அரக்குவது எங்கள் தீவில் எல்லா வீட்டிலும் உள்ள வியாதிதான். என் வீட்டு வேலியைப் பற்றித் தயவு செய்து யாரும் கேட்காதீர்கள்.

ஒழுங்கையின் கடைசி வீடு பரமேஸ்வரி அக்காவுடையது. அவருடைய கணவர் தம்பிராசா அண்ணைக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை யாழ்ப்பாணத்தில் கிளினிக். வீட்டிலிருந்து றோட்டு வரைக்கும் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, இரண்டு பேர் தூக்கி வருவார்கள். றோட்டில் ஓட்டோ நிற்கும்.

மழை பெய்த ஒரு நாள், தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. கதிரையோடு விழுந்தார் அண்ணை. பெரிய காயமில்லை, முழங்கையில் உரசல்தான். ஆனால் ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கே சொல்லிவிட்டார்... இனி என்னை ஒருவரும் தூக்க வேண்டாம், நான் கிளினிக்குக்குப் போகமாட்டேன் என்று.

சொன்னபடியே அடுத்த இரண்டு கிளினிக்கும் போகவில்லை. ஆளைப் பார்க்காமல் மருந்து தரமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் சரிதானே? பரமேஸ்வரி அக்கா என் குசினி வாசலில் வந்து நின்றார்.

"அந்த மனுசன் வெக்கத்திலையே சாகப்போகுது. வாசலுக்கு ஒரு ஓட்டோ வந்தால் காணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

எனக்கு ஒரு குணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைப் பிடிவாதம் என்பார், நான் அதை முடிவு என்பேன். அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்த வாசலுக்கு ஓட்டோ வரும்.

பிரதேச சபையில் போய்க் கேட்டேன். நியாயமாகத்தான் பேசினார்கள். நாலடி கிடைத்தால் போதும், ஆனால் காணிக்காரரின் கையெழுத்தோடு ஒரு சம்மதக் கடிதம் வேண்டும். காணிக்காரர் எங்கே? கனடாவில். கனடாவில் எங்கே? அதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. அல்லது தெரியாது என்று சொன்னார்கள்.

நாகேசரின் தங்கை கமலம் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். அவரிடம் போனேன். தேத்தண்ணி தந்தார், கதலி வாழைப்பழம் தந்தார், இலக்கம் மட்டும் தரவில்லை. தாயின் செத்தவீட்டுக்கு அண்ணன் வரவில்லையாம். அன்றோடு கதை பேச்சு இல்லையாம். பதினாறு வருடம். அவருடைய இலக்கம் என்னிடம் எதற்கு இருக்கப்போகிறது என்று கேட்டுக் கதையை முடித்துவிட்டார்.

எழுதுகிறவளுக்கு வேறு என்ன வழி? எழுதினேன். இந்தப் பத்திரிகைப் பத்தியில் இடம் போதாததை எல்லாம் நான் என் வலைப்பூவில் கொட்டுவது உங்களுக்குத் தெரியும். ஒழுங்கை, கதிரை, அண்ணை விழுந்தது, தேவைப்படும் நாலடி... எல்லாவற்றையும் யாரையும் நோகடிக்காமல் எழுதினேன். இணையத்தில் தேடினால் அகப்பட வேண்டுமே என்று தலைப்பில் அவருடைய முழுப்பெயரையும் ஊரையும் போட்டேன். மரியாதை குறையக்கூடாதென்று முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்தேன்: 'புளியங்கூடல் — திரு. கதிரவேலு நாகேசு அவர்கள்.' பரமேஸ்வரி அக்காவின் கலியாண அல்பத்தில் நாகேசர் வேட்டி சால்வையோடு நின்ற ஒரு படம் இருந்தது. அதையும் பெரிதாக மேலே போட்டேன்.

வாசித்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. யாராவது பகிர்ந்தார்களா? ஒரு குஞ்சும் இல்லை. முகநூல் பட்டனும் வாட்ஸப் பட்டனும் கட்டுரைக்குக் கீழே சும்மா கிடந்தன.

ஏன்? எங்கள் ஆட்களுக்குக் கதையைக் கொண்டுபோகத் தெரியாதா? சந்தையில் மூன்று பேர் அந்தக் கதையை, எழுதினவளாகிய எனக்கே சொன்னார்கள்!

யோசித்துப் பார்த்தேன். முகநூலில் பகிர்ந்தால் பகிர்ந்தவர் பெயர் நிற்கும். வாட்ஸப் குழுவில் போட்டால் அந்தக் குழுவுக்குள் கமலத்தின் மகள் இருப்பாள், நாகேசரின் மருமகன் இருப்பான். மறுநாளே லண்டனிலிருந்து ஒரு மச்சாள் போன் எடுத்து, அவையின் வேலிக்கதை உனக்கு எதற்கு என்று கேட்பாள். எங்கள் ஊரில் எந்தச் செய்தியும் ஊர் கடக்கும். ஆனால் 'நான் சொன்னதெண்டு சொல்லாதேயும்' என்ற ஒரு வரியும் கூடவே போக வேண்டும். அந்த வசதி எந்தப் பட்டனில் இருக்கிறது?

ஈமெயிலில் இருக்கிறது. ஒருவர் ஒருவருக்கு அனுப்புவது. மூன்றாம் ஆளுக்குத் தெரியாது, எழுதினவளுக்கும் தெரியாது. அதோடு நாகேசர் வயது ஆட்கள் கோயில் கடிதங்களுக்கென்று பிள்ளைகள் திறந்து கொடுத்த மெயிலை இன்றைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள்.

என் வலைப்பூவை அமைத்துத் தந்தவர் சுதர்சினி. ஊர்காவற்றுறையில் கணினி வகுப்பு நடத்துகிறார். எனக்கு மெயில் பட்டன் வேண்டும் என்றேன். சிரித்தார்.

"இந்தக் காலத்திலை ஆரக்கா மெயில் அனுப்பினம்?"

"எனக்கு ஒராள் அனுப்பினால் காணும்" என்றேன்.

அவருக்குப் பரீட்சை வகுப்புகள். வந்து செய்துதர நேரமில்லை. நாலு வரிக் குறிமுறை ஒன்றை அனுப்பி, இன்ன இடத்தில் ஒட்டுங்கள் அக்கா என்றார். ஒட்டினேன். பக்கத்தின் அரைவாசி காணாமல் போனது. திரும்ப ஒட்டினேன். பக்கம் வந்தது, பட்டன் வரவில்லை. மூன்றாம் தடவை பட்டன் வந்தது. அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் அமத்தினால் மெயில் திறந்தது, ஆனால் நான் ஆசையாக எழுதி வைத்த தமிழ் முன்னுரை முழுவதும் விழுக்காட்டுக் குறியும் இலக்கமுமாக, பேய் எழுதினது போல வந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, விடும் என்றார். விடுகிற ஆளா நான்?

ஐந்தாம் நாள், அந்த முன்னுரையைத் தூக்கி எறிந்தேன். தலைப்பும் இணைப்பும் மட்டும் போகட்டும். அமத்தினேன். திறந்தது! எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். வந்தது. அன்று மத்தியானம் நண்டுக்கறி வைத்தேன் என்றால் சந்தோஷம் எவ்வளவு என்று பாருங்கள்.

அந்த மெயில் இன்னொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஊரிலிருந்து ஒரு மெயில். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. பிறந்த ஊர், திரு, முழுப்பெயர், அவர்கள். கீழே ஒரு இணைப்பு. அமத்தினால் முதலில் ஒரு படம் — வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது என்னவாகத் தெரியும்? பிறந்த ஊரும் முழுப்பெயரும் ஒரே வரியில் வந்தால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், மரண அறிவித்தல். படத்துக்குக் கீழே ஒழுங்கைக் கதை இருந்தது. படத்தைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள்.

முதலில் அனுப்பியது யார்? இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்காகத்தானே அந்தப் பட்டன்!

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். நாகேசர் ஆறுதலாகச் சொன்னார். முதலில் எடுத்தவர், காலி நகரில் இவரோடு கடை வைத்திருந்தவராம். போனை எடுத்த மனைவியிடம், எப்ப எடுக்கினம் என்று கேட்டாராம். பிரேதத்தைத்தான். பிணத்துக்குரியவர் பக்கத்துக் கதிரையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாராம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக... ஒருவர் மலர்வளையத்துக்கே சொல்லிவிட்டாராம்.

மன்னிப்புக் கேட்டேன். தலைப்பின் கதையைச் சொன்னேன், திரும்பவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி சரி என்றார். அத்தோடு போனை வைத்திருப்பார். ஒன்றரை மாதம் தேடிய மனிதர், விட்டால் திரும்பக் கிடைப்பாரா? மன்னிப்புக் கேட்ட அதே வாயால் நாலடியையும் கேட்டேன்.

அவருடைய குரல் மாறியது.

"அந்த வேலியாலைதான் பரமேசின்ரை தேப்பனும் நானும் கதைக்காமல் விட்டனாங்கள். நான் அரக்கினனான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்ச மனுசன். இப்ப மோளுக்கு நான் விட்டுக் குடுக்க வேணுமோ?"

பயந்துபோனேன். ஆனால் பின்வாங்க மனம் வரவில்லை.

"ஐயா, அவ தகப்பன் செத்து எத்தினையோ வருஷம். சண்டை பிடிச்ச ஆள் இல்லை. கதிரையோடை விழுந்தது தம்பிராசா அண்ணை. அவர் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே."

போனை வைத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"கமலம் போன் எடுத்தவள்" என்றார்.

பாரிசில் இருக்கும் கமலத்தின் மகளுக்கும் அந்த மெயில் போயிருக்கிறது. அவள் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள், மாமா போய்விட்டார் என்று. என்னிடம் இலக்கம் இல்லை என்ற அதே கமலம், அலுமாரிக்குள்ளிருந்து டயறியை எடுத்து நேரே கனடாவுக்கு அடித்திருக்கிறார். இலக்கம் பதினாறு வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"நான்தான் போனை எடுத்தனான். என்ரை குரல் அவளுக்குப் பிடிபடேல்லை. மோன் எண்டு நினைச்சிட்டாள் போலை. 'அண்ணை கடைசியா என்னைக் கேட்டவரோ' எண்டு அழுதாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம், கேட்டவர் எண்டு சொன்னன். அதுக்குப் பிறகுதான், கதைக்கிறது நான்தான் எண்டு சொன்னனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? மாவுக்கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் மா. உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை எடுத்துக் கேட்க எங்களுக்கு ஏலாது. செத்துவிட்டார் என்று தெரிந்தால் ஒரு நிமிடத்தில் இலக்கம் அகப்படும். இது என்ன மாதிரிக் கோபம் என்று எனக்கு விளங்கவே இல்லை. என் தொலைபேசியிலும் அப்படி ஒன்றிரண்டு இலக்கங்கள் உண்டு. உங்களிடமும் இருக்கும்.

என் இலக்கத்தை அவருக்குக் கொடுத்ததே கமலம்தானாம். பிடித்து நல்லாய் ஏசுங்கோ என்று சொல்லிக் கொடுத்தாராம்.

"எத்தினை அடியெண்டு சொன்னனீர்?" என்று கேட்டார் நாகேசர்.

"நாலு."

"அஞ்சாய் எடுங்கோ. பிறகு ஓட்டோக்காரன் உரசிப்போட்டுது எண்டு சண்டைக்கு வருவான்."

கையெழுத்துப் போட்ட கடிதம் இரண்டு நாளில் மெயிலில் வந்தது, மூலப்பிரதி பின்னால் தபாலில் வந்தது. சபையிலிருந்து வந்து அளந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூவரசுகளைத் தறித்தோம். கமலம் தேத்தண்ணி கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை கிளினிக். ஓட்டோ பரமேஸ்வரி அக்காவின் வாசலில் வந்து நின்றது. தம்பிராசா அண்ணையைப் பிடித்து ஏற்றினோம், யாரும் தூக்கவில்லை. அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு, நன்றி கின்றி ஒன்றும் சொல்லாமல், "கெதியாய் விடும், அங்கை போய் நம்பர் எடுக்க வேணும்" என்று ஓட்டோக்காரரை அதட்டினார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது!

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அன்றைக்குப் போனை வைக்கும் முன் நாகேசரிடம் சொன்னேன், தலைப்பை இன்றைக்கே மாற்றிவிடுகிறேன், நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறேன் என்று.

"வேண்டாம் பிள்ளை" என்றார். "இன்னும் ரெண்டு பேர் போன் எடுக்கேல்லை."

யாரென்று நான் கேட்கவில்லை. தலைப்பை மாற்றவும் இல்லை. மெயில் பட்டனும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நேற்று நாகேசர் போன் எடுத்துச் சொன்னார்... ஒருவர் எடுத்துவிட்டாராம்.