சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போட்ட ஊசி

எனக்கு முன்கோபம் அதிகம். எங்கள் வார்டில் அது எல்லோருக்கும் தெரியும். அருப்புக்கோட்டையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இருக்கிற நர்ஸ்களில் மூத்தவள் என்பதால் வார்டுப் பொறுப்பும் என் தலையில்தான். தப்பு நடந்தால் அது யார் தப்பு என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும், உடனே வாயும் திறந்துவிடும். இந்த ஒரு சமாச்சாரத்தில் மட்டும் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்தப் பெண் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நர்சிங் முடித்ததும் சேர்ந்த முதல் வேலை இது. மருந்து விஷயத்தில் அவளைக் குறை சொல்ல என்னாலேயே முடியாது. டாக்டர் எழுதியதைப் படிப்பாள், பாட்டிலில் இருப்பதைப் படிப்பாள், திரும்பவும் டாக்டர் எழுதியதைப் படிப்பாள். “ஏம்மா, மனப்பாடம் பண்ணி எங்கயாச்சும் ஒப்பிக்கப் போறியா?” என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை படிப்பாள்.

கொஞ்ச நாளைக்கு முன்பு மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்து எங்கள் எல்லோருக்கும் தேர்வு வைத்தார். மருந்து கொடுப்பதில் நர்ஸ்களுக்கு எவ்வளவு திறமை இருக்கிறது என்று பார்ப்பதற்காம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று நாங்கள் படித்த காலத்திலிருந்து கேட்கிற அதே பாடம்தான். கட்டிலில் ஒரு பொம்மையைப் படுக்கப் போட்டு, அதற்கு ஊசி போட்டுக் காட்டச் சொன்னார். இவள் பொம்மையிடமே பெயர் கேட்டாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், ஒன்றையும் விடவில்லை. முழு மார்க். எனக்கு அவளைவிடக் குறைவு. பொம்மையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லையாம். பொம்மை என்னத்தைச் சொல்லும் என்று எனக்கு எரிச்சல் வந்தது, ஆனாலும் அவளுக்கு முழு மார்க் கிடைத்ததில் உள்ளுக்குள் சந்தோஷம்தான். என் வார்டில் நான் சேர்த்துக்கொண்ட பிள்ளை.

அதற்குப் பிறகுதான் பரளச்சிப் பக்கத்திலிருந்து அந்த அம்மா வந்து படுத்தார். காடுகரை உள்ள சம்சாரி வீடு, விவசாயக் குடும்பம். காலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை, சோதித்துப் பார்த்தால் உடம்பில் சர்க்கரை. அதுவரைக்கும் தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. பேச்சில் நல்ல மரியாதை. யார் கட்டில் பக்கம் போனாலும் “உக்காருத்தா” என்பார். நர்ஸ் வேலையில் உட்காருவதற்கு ஏது நேரம் என்று சொன்னால் நம்பமாட்டார்.

அவருக்கு இன்சுலின் எழுதியிருந்தது. சாப்பாடு ஒருநாள் இறங்கும், ஒருநாள் இறங்காது என்பதால், சாப்பிட்டு முடித்த கையோடு ஊசி போடச் சொல்லி டாக்டர் உத்தரவு. வேகமாக வேலை செய்கிற மருந்து அது. சோறு வயிற்றில் இல்லாமல் போட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். எங்கள் மருத்துவமனையில் சமையல் கிடையாது. அவரவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரவேண்டும். அந்த அம்மாவுக்கு மருமகள் ஊரிலிருந்து தூக்குச்சட்டியோடு பஸ் ஏறி வருவாள்.

அன்று மதியம் நான் வார்டுக் கோடியில் என் மேசையில் இருந்தேன். அந்த அம்மாவின் கட்டிலைச் சுற்றி ஆட்கள். மருமகளைப் பெற்றவர்கள், சம்பந்தி வீட்டார், சம்பந்தியம்மாளைப் பார்க்க வந்திருந்தார்கள். வாழைப்பழம், ரொட்டி என்று கை நிறையக் கொண்டுவந்து, சர்க்கரைக்காரர் தலைமாட்டிலேயே வைத்திருந்தார்கள். அதை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு வந்து நான் என் வேலையைப் பார்த்தேன். நம் பெண் ஊசித் தட்டோடு போனாள். பெயர் கேட்டது என் காதில் விழுந்தது. “சாப்பிட்டாச்சாம்மா?” என்று கேட்டதும் விழுந்தது. “ஆச்சுத்தா, ஆச்சு” என்று அந்த அம்மா சொன்னதும் விழுந்தது. ஊசி போட்டாள்.

சம்பந்தி வீட்டார் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் வியர்வை, சேலை நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. “கெடை போட ஆளு வந்துட்டாகளா? ஆட்டப் பத்தி விடு, வெள்ளாமைக்குள்ள எறங்குது” என்கிறார். எங்கள் வார்டில் ஏது ஆடு? விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை பாதாளத்தில். டாக்டரைக் கூப்பிட்டு, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, அவர் என் முகத்தைப் பார்த்து “என்னத்தா, எல்லாரும் நிக்கிறீக?” என்று கேட்கிற வரைக்கும் எனக்கு உயிர் என்னிடம் இல்லை. அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

அப்போதுதான் மருமகள் தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தாள். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. அவளுக்குப் பின்னாலேயே, நாங்கள் போன் செய்த மகனும் வந்துவிட்டார். பருத்தி வியாபாரம் பார்க்கிறவர், என்னைவிடக் கோபக்காரர்.

“சாப்பிடாத மனுசிக்கு எப்பிடி ஊசியப் போடலாம்? கேக்கணும்னு தெரியாதா?” என்றார்.

“கேட்டேன் அண்ணே. சாப்பிட்டாச்சுன்னு சொன்னாக” என்றாள் அந்தப் பெண்.

“எங்கம்மா பொய் சொல்லுதுங்கிறியா?”

டாக்டர் அந்த அம்மாவிடமே குனிந்து கேட்டார். சிஸ்டர் உங்களைக் கேட்டாங்களா, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று. அந்த அம்மா மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், அப்புறம் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். “எனக்கு ஞாபகம் இல்லயே” என்றார்.

நான் கேட்டேன், என் காதால் கேட்டேன் என்று டாக்டரிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிட்டாச்சா, ஆச்சு என்பதை இந்த வார்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாயிலிருந்து கேட்கிறேன்? அன்றைக்குக் கேட்டது இந்தக் கட்டிலிலா, அடுத்த கட்டிலிலா? பாதி வேலையில் இருந்த காதை எவ்வளவு நம்புவது? நான் தடுமாறுவதை டாக்டர் பார்த்துவிட்டார். “நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க” என்றார். இந்த நர்ஸ் இனிமேல் இங்கே இருக்கக்கூடாது என்று மகன் ஒற்றைக் காலில் நின்றார். நாளைக் காலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இதற்கு முன்பு ஒரு பெண் அந்த அறைக்குள் போய்விட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். எங்கள் ஊரில் ஒரு நர்ஸுக்கு ‘ஊசியைத் தப்பாகப் போட்டவள்’ என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த மருத்துவமனை வாசலில்கூட நிற்க முடியாது.

சாயங்காலம் மகன் டீ குடிக்கப் போயிருந்தார். மருமகள் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். அந்த அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“அந்தப் பிள்ள கேட்டுச்சு தாயி. நாந்தான் ஆச்சுன்னேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்பறம் ஏம்மா டாக்டர்கிட்ட ஞாபகம் இல்லன்னீக? அந்தப் பிள்ள வேலை போகப்போகுது.”

“சம்பந்தகாரவுக சுத்தி நிக்கிறாக. இன்னும் சோறு வரலன்னு சொன்னா, அவுக மகளக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிராதா? அவ என்ன செய்வா, பஸ்ஸு வரலன்னு ரோட்டுல நின்னுருக்கா. பெத்தவுக மொகம் சுண்டிப் போகும்ல.”

“சரி, அவுக போன பெறகாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சோறு இந்தா வந்துரும்னு படுத்திருந்தேன். அப்பறம் என்ன நடந்துச்சுன்னு தெரியல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எம் மகன் சங்கதி ஒனக்குத் தெரியாது. அவளக் காப்பாத்தத்தான் நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அவள வீட்டுல இருக்க விடமாட்டான். நீ யார்ட்டயும் சொல்லிராத.”

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த அம்மாவைத் திட்டலாம் என்றால், அவர் யாருக்காக அப்படிச் சொன்னார்? மருமகளைத் திட்டலாம் என்றால், வராத பஸ்ஸுக்கு அவள் என்ன செய்வாள்? கேட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று ஒருத்தி மருந்து அறைக்குள் அழுகிறாள், அவளை எப்படித் திட்டுவது? எல்லோரும் சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மனுஷி சாகக் கிடந்து பிழைத்திருக்கிறார். கேட்பதற்கு முழு மார்க் போட்ட மதுரை மேடம், வருகிற பதிலை எவ்வளவு நம்பலாம் என்று எங்களுக்குச் சொல்லாமல் போய்விட்டார். அவர் மேலும் கோபம் வந்தது. அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவர் தேர்வு நடத்தியது பொம்மையை வைத்து, பொம்மைக்குச் சம்பந்தி கிடையாது.

மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தபோது கண் வீங்கியிருந்தது. நேற்று மதியச் சாப்பாடு டப்பாவோடு திரும்பிப் போனது, ராத்திரியும் காலையும் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் என்று என்னிடம் சொன்னாள். கூட வருகிற பெண்கள் பஸ்ஸில் கேட்டபோது காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். நான் கொண்டுபோன உப்புமாவைத் திறந்து நீட்டினேன். “இறங்காதுக்கா” என்றாள். எனக்கும் இறங்குகிற நிலைமை இல்லை. மூடி மேசையில் வைத்துவிட்டு இருவரும் டாக்டர் அறைக்குப் போனோம். வாக்குக் கொடுத்துவிட்டேன், மருமகள் கதையைச் சொல்ல முடியாது. அதைச் சொல்லாமல் இவளை எப்படிக் காப்பாற்றுவது என்றும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு போவது எனக்குப் பழக்கமே இல்லாத வேலை.

எங்கள் டாக்டர் வயதானவர், நல்ல மனுஷர். திட்டுவதற்குக்கூட உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திட்டுவார். தலை கவிழ்ந்து நின்றவளைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, “என்னம்மா, சாப்பிட்டியா?” என்றார்.

“ஆச்சு சார்” என்றாள்.

கொஞ்சமும் தயங்கவில்லை. என் உப்புமாவை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வந்த வாய் அது.

“பொய் சார்” என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. “நேத்து மத்தியானத்துலருந்து பச்சைத் தண்ணி மட்டும்தான் சார். இப்பத்தான் என்கிட்டச் சொன்னா. நீங்க கேட்டதும் ஆச்சுங்குறா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்திருப்பாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏம்மா அப்பிடிச் சொன்ன?”

“தெரியல சார். நீங்க கேட்டீங்க... இல்லன்னு எப்பிடி சார் சொல்றது?”

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் எழுந்து எங்களையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். அந்த அம்மாவின் கட்டிலருகில் மகன் சண்டைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார். மருமகள் சுவரோரம் தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“உங்க அம்மாவ இந்தப் பிள்ள கேட்டிருக்கு. அம்மாவும் எல்லாரும் சொல்ற மாதிரி ஆச்சுன்னு சொல்லியிருப்பாங்க. நம்ம ஊர்ல சாப்பிடலன்னு யாரு சொல்லியிருக்கா? வாயால கேட்டா போதும்னு நாங்க வச்சிருந்தோம்ல, அதுதான் தப்பு. அது இந்த ஆஸ்பத்திரியோட தப்பு, என் தப்பு. இனிமே இங்க யாரும் கேக்க வேண்டாம். தட்டைப் பாத்துட்டுத்தான் ஊசி. இந்தப் பிள்ள இங்கதான் வேலை பாக்கும்” என்றார்.

மகன் ஏதோ முணுமுணுத்தார். ஆனால் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது, அதற்குமேல் வாதாடவில்லை. அந்த அம்மா மின்விசிறியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் இல்லை என்று தலையசைத்தேன். நம் பெண் மருமகளிடம் போய்த் தூக்குச்சட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுத்தவர் சோற்றை எட்டிப் பார்க்கிற கூச்சத்தில் அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. மருமகள் எழுந்து தட்டை எடுத்து வைத்தாள்.

டாக்டர் மற்ற கட்டில்களைப் பார்த்து முடித்துவிட்டு என் மேசைப் பக்கமாக வெளியே போனார். மூடியபடியே இருந்த என் உப்புமா டப்பா அவர் கண் முன்னால்தான் இருந்தது. வாசலில் நின்று திரும்பினார்.

“நீங்க சாப்பிட்டீங்களா சிஸ்டர்?”

“ஆச்சு சார்” என்றேன்.