காந்தத்தில் ஒட்டாத குண்டுகள்

ராஜாங்கம் அண்ணனுக்குப் பிடிவாதம் அதிகம். நாற்பது வருஷம் அவரை எதிர்த்துப் பெத்தாங் ஆடியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். மரத்தால் ஆன சின்னக் குண்டைத் தூரத்தில் போட்டுவிட்டு, அதன் கிட்டே போய் நிற்கும்படி பெரிய உலோகக் குண்டுகளை எறிய வேண்டும். எதிராளியுடையதைவிடக் கிட்டே நிற்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி. பிரெஞ்சுக்காரன் போய் எழுபது வருஷமாகியும் புதுச்சேரியை விட்டுப் போகாத ஆட்டம்.

அண்ணன் பஞ்சாலையில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்ததும் எண்ணெய்க் கறையோடு மைதானத்துக்கு வந்துவிடுவார். நான் துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடுவேன். எங்களை இதில் இழுத்துவிட்டது சின்னக்கண்ணு, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய சொல்தா, அதாவது சிப்பாய். ஜெயித்தாலும் தோற்றாலும் டீயும் வடையும் அவர்தான் வாங்கித் தருவார். அந்தச் சிரிப்பும் கூச்சலும்! எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை. சாகும்முன் தன் மூன்று குண்டுகளையும் அண்ணனிடம் கொடுத்தார். பதினொரு வருஷமாக அண்ணன் வேறு குண்டைத் தொட்டதில்லை.

ஒருமுறை மரியாதைக்காக, அவர் எறிந்த அதில் ஒன்றைத் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "நான் இன்னா நொண்டியா?" என்று கத்திவிட்டு மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. குனியவே கூடாது என்றார் டாக்டர். எறிந்துவிடலாம், எடுப்பது யார்? அண்ணன் வீட்டோடு முடங்கினார். மைதானத்தில் யாரைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

பாரீசில் இருக்கும் அவர் மகள் கார்குழலி ஒரு சாமான் அனுப்பினாள். கயிற்றின் நுனியில் காந்தம். நின்றபடியே இறக்கினால் குண்டு ஒட்டிக்கொண்டு மேலே வரும். அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எறிந்தார், கயிற்றை இறக்கினார். குண்டு அசையவில்லை. பக்கத்தில் கிடந்த என் குண்டு மட்டும் சட்டென்று ஒட்டியது.

"இது வேற மாதிரி ஸ்டெயின்லெஸ்ஸு. காந்தம் புடிக்காது," என்றார். இரும்போடு வாழ்ந்தவருக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆசையில் மறந்துவிட்டார், பாவம்.

"என்னுத வெச்சி ஆடுங்கண்ணே, நான் வேற வாங்கிக்கிறேன்," என்றேன்.

ஒரு வாரம் ஆடினார். காந்தம் நன்றாகத்தான் வேலை செய்தது, பழகாத குண்டில் அவர் கைதான் செய்யவில்லை. தினமும் தோற்று, டீகூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போனார். இனி வரமாட்டார் என்று பயந்துபோனேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார். பையில் சின்னக்கண்ணுவின் குண்டுகள். காந்தம் இல்லை. இருவரும் எறிந்து முடித்தோம். அவருடைய குண்டு ஒன்று மரக்குண்டை உரசிக்கொண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் அண்ணனையே பார்த்தார்கள். எடுக்க வேண்டுமே. நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். இன்னொரு மூன்று மாசம் பேசாமலிருக்கும் வயசா எங்களுக்கு?

"முத்தலிப்பு," என்று என்னை மெதுவாகக் கூப்பிட்டார். "ரெண்டாவது கிட்ட இருக்கறது யார்துன்னு அளந்துட்டு, அப்டியே என்னுத எடுத்துக் குடுக்கறியா?"

ஓடினேன். கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. என்னுடையது, அவருடையது, மரக்குண்டு என எல்லாவற்றையும் வாரி அணைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

"அறிவு கெட்டவனே! அளக்காத எடுத்துட்டியேடா!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

அவரிடம் இப்படித் திட்டு வாங்கத்தான் ஒரு வருஷமாக ஏங்கிக் கிடந்தேன்.