பள்ளித் தெருவுக்குப் பூசிய மஞ்சள்

ஊர்க் கூட்டத்தில் பாராட்டு வாங்கப் போர்டு அண்ணன் மேடையேற வேண்டியிருந்த அன்று, அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையின் காலர் நைந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தேய்க்கக் கொடுத்த சட்டை திரும்பி வந்தபோது காலர் புதுசாக இருந்தது. இஸ்திரிக்காரம்மா அதைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்திருந்தாள். கேட்டதற்கு, "நான் ஒண்ணும் பண்ணல அண்ணே. சூடு பட்டா துணி தானா நிமிர்ந்துக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினாள்.

பள்ளித் தெரு முனையில் ஒரு தள்ளுவண்டி, ஒரு கரிப்பெட்டி. அதை வைத்துத்தான் கணவன் போன பிறகு மகளைக் கரையேற்றினாள். தெருவில் நீலக் கட்சிக்குப் பொறுப்பும் அவளே. தேர்தல் வந்தால், துணி வாங்கப் போகிற வீட்டிலேயே, "தாத்தா, நாளைக்கு வெயிலுக்கு முன்னாடி ஓட்டுப் போட வந்துடுங்க. இல்லாட்டி மூட்டையில கட்டித் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று மிரட்டிவிட்டு வருவாள். சம்பளம் கிடையாது. "எங்க தெரு நீலத் தெரு" என்று சொல்லும்போது மட்டும் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவாள்.

அந்த நீலத்தைப் பூசுகிறவர் போர்டு அண்ணன். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். நகராட்சித் தேர்தல் முடிவு வந்ததும், பேருந்து நிலையச் சுவரில் ஊர் வரைபடத்தைப் பெரிய பலகையில் எழுதி, எந்தத் தெரு எந்தக் கட்சிக்கு விழுந்ததோ அந்த நிறம் அடிப்பார். பக்கத்திலேயே போன தேர்தலின் பலகை இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தெரு நின்றது, எது சாய்ந்தது என்று குழந்தைக்கும் விளங்கும்.

இந்த முறை பள்ளிக்கூட வாக்குச்சாவடி மஞ்சள் கட்சிக்குப் போயிருந்தது. பள்ளித் தெருக்காரர்கள் எப்போதும் ஓட்டுப் போடுவது அங்கேதான் என்பதால், அண்ணன் அந்தத் தெருவுக்கு மஞ்சள் அடித்தார். கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போன நீல வேட்பாளர் பலகை முன்னால் வந்து நின்றார். தோற்றதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா? நம்மாளுங்களே காலை வாரிட்டாங்க" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இஸ்திரிக்காரம்மா வந்தாள்.

"அண்ணே, நாங்க யாரும் ஸ்கூல்ல ஓட்டே போடல. இந்தத் தடவை எங்களை லைப்ரரிக்கு மாத்திட்டாங்க. மில் குடியிருப்பு மண்டபத்துல கூரை இடிஞ்சுதுல்ல, அந்தக் குடியிருப்பு ஆளுங்கதான் ஸ்கூல்ல போட்டாங்க. கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க."

அத்தனை பேர் முன்னால் தன் வேலையில் குறை சொன்னதும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, சுருக்கத்தைத் தேச்சு மறைக்க இது ஒண்ணும் சட்டை இல்ல. ரிசல்ட்டுல என்ன வந்துச்சோ அதான் பலகையில இருக்கும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு வாங்கியதில் அவருக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

கட்சியில் அவளுடைய பொறுப்பைப் பிடுங்கினார்கள். மஞ்சள்காரனிடம் காசுக்குக் கை நீட்டினாள் என்று பேச்சுக் கிளம்பியது. சுற்றுவட்டத் தெருக்களில் துணி கொடுப்பது நின்றது. எங்கே ஓட்டுப் போட்டோம் என்பது தெரிந்த பள்ளித் தெருக்காரர்களோ, வேட்பாளரை எதுக்குப் பகைத்துக்கொள்ள வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். நூலக வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போயிருந்தார் அண்ணன். பேச்சுவாக்கில் காவல்காரர் அலுத்துக்கொண்டார்: "எலெக்‌ஷன் அன்னைக்குப் பள்ளித் தெரு சனம் மொத்தமும் இங்கதான் வரிசைல நின்னுச்சு. நான் வளத்த புல்லெல்லாம் மிதிபட்டே செத்துப்போச்சு."

அண்ணன் தூரிகையைக் கீழே வைத்தார். 'சட்டை இல்ல' என்று தன் வாயால் சொன்னது திரும்பத் திரும்பக் கேட்டது. அதுவும் யாரைப் பார்த்துச் சொன்னோம்!

நூலகச் சாவடியில் நீலக் கட்சிதான் ஜெயித்திருந்தது; மறுநாளே பள்ளித் தெருவை நீலமாக்கி, பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்ட மில் குடியிருப்பை மஞ்சளாக்கினார்.

"என்னண்ணே, தெரு திரும்பவும் கட்சி தாவிடுச்சா?" என்றார் பெட்டிக்கடைக்காரர்.

"தெரு தாவல. நான்தான் தப்பாப் பூசிட்டேன்!"

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். அதற்குள் பஸ் வந்துவிட்டது; நின்றவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். வேட்பாளர் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். "அட, அது முடிஞ்ச கதைங்க. அந்தப் பொறுப்புக்கு வேற ஆளைப் போட்டாச்சு" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவளிடம் போக மட்டும் கால் வரவில்லை. பள்ளித் தெருவைத் தவிர்த்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் ஊருக்கே போகிறாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் ஓடினார். வாடகை வண்டியில் சாமான் ஏறியிருந்தது. அவளே கயிறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அன்னைக்கு நாலு பேர் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

"பலகையைத் திருத்தினீங்கன்னு கேள்விப்பட்டேன் அண்ணே. தப்பாப் பூசினதை நான் பெருசா நினைக்கல. யாருக்கும் கை தவறும். நான் வந்து சொன்னப்ப, 'அப்படியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும். ஆண்டவன் உங்களை நல்லா வச்சிருக்கட்டும். அந்தப் பக்கக் கயித்தைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க, வண்டி குலுங்கும்."