வராதவர்கள் விடுபட்ட ரிப்போர்ட்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். முதலாளி செல்வின் என்னைவிட இளையவர். ஊரிலுள்ள தனியார் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் பழைய புரோகிராமை சி ஷார்ப் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றும் வேலையை எடுத்திருந்தோம்.

பதிவு செய்த கர்ப்பிணிகள் எல்லாரும் புரோகிராமுக்குள் ஒரு டேபிளில், அதாவது ஒரு பட்டியலில், இருந்தார்கள். அந்த மாதம் செக்கப்புக்கு வந்தவர்கள் விவரம் இன்னொரு டேபிளில். விவரங்களைக் கேட்டு எடுக்கும் பழைய கட்டளை, குவெரி, இரண்டையும் லெஃப்ட் அவுட்டர் ஜாயினில் சேர்த்தது. வராதவர் பெயரும் ரிப்போர்ட்டில் வரும், தேதி மட்டும் காலியாக இருக்கும். அந்தக் காலி இடங்களைப் பார்த்துத்தான் நர்ஸ் சண்முகக்கனி ஒவ்வொருவருக்கும் போன் போடுவாள்.

சி ஷார்ப்பில் செல்வின் வெறும் ஜாயின் போட்டுவிட்டார். அப்படிப் போட்டால் இரண்டு டேபிளிலும் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஒப்பிட்டபோது வராதவர்கள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தார்கள். செல்வினிடம் சொன்னேன்.

"டாக்டரம்மாவுக்கு இது ரொம்பப் புடிச்சிருக்குக்கா. காலியே இல்லாம பளிச்சுன்னு இருக்குங்காக. வேலைய ஒப்படைச்சுட்டுப் பெறவு பாப்போம்" என்றார்.

வராதவர்களையும் காலி இடத்தோடு கொண்டுவர, டிஃபால்ட் இஃப் எம்ப்டி என்று ஒரு வரி சேர்த்து நானே திருத்தி அனுப்பினேன். அவர் அதை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை.

சண்முகக்கனிக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. "வராதவுக ஒருத்தருமே இல்லன்னு காட்டுதே சார், நெசமாவா?" என்று செல்வினிடம் கேட்டிருக்கிறாள். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா?" என்றாராம்.

நான் பயிற்சி கொடுக்கப் போயிருந்த ஒரு நாள், இளையரசனேந்தலிலிருந்து எட்டு மாதக் கர்ப்பிணியை வலிப்போடு தூக்கிவந்தார்கள். பிரஷர் உள்ளவள். களையெடுப்பு வேலையில் அந்த மாதச் செக்கப்பை விட்டிருந்தாள். தாய் பிழைத்தாள். பிள்ளை இல்லை.

அவள் புருஷன் வந்து சண்முகக்கனியின் முன்னால் நின்றான். சத்தம் போடவில்லை.

"மாசாமாசம் போன் போடுவீகளே தாயி. இந்த மாசம் ஏன் போடல?"

சண்முகக்கனி அந்த மாத ரிப்போர்ட்டைப் புரட்டினாள்; அதில் அந்தப் பெயரே இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் விசாரித்தபோது செல்வின், "சிஸ்டர் என்ட்ரிய தப்பாப் போட்டிருப்பாக மேடம்" என்றார். சண்முகக்கனியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பழையதும் புதியதுமான இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். இரண்டையும் பொறுமையாகப் படித்தார்.

"இனிமே இதப் பேசி என்ன ஆவப்போவுது? வெளிய சொல்லாதீங்க, ஆஸ்பத்திரி பேரு கெட்டுரும்."

அன்றைக்கே செல்வின் நான் திருத்தி அனுப்பியதை ஏற்றினார். மறுநாளிலிருந்து நான் அந்த ஆபீசுக்குப் போகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவுட்டர் ஜாயினை வேறு மொழிக்கு மாற்றும்போது அந்தக் காலி இடங்களில் இருப்பது யார் என்று முதலில் கேளுங்கள். தப்பு தெரிந்தால் முதலாளியோடு நிறுத்தாதீர்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்து வேலை செய்கிறவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டைச் சரிசெய்ய ஒரு வரி போதுமானதாக இருந்தது. சண்முகக்கனியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.