மேனேஜரின் காது

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியும் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காத மனிதர், ஓய்வு பெற்ற சில மாதங்களில், தன் வீட்டு வாசலில், தன் மகனின் நாய்மேல் காரை ஏற்றிவிட்டார். இதை இப்படி நேராகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றி வளைத்துச் சொன்னால் நாய் எழுந்து வரப்போவதில்லை.

டிப்போவில் டிரைவரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் கண்ணாடியைத்தான் சொல்வார்கள். சீட்டில் ஏறியதும் மூன்று கண்ணாடிகளையும் துடைப்பார், திருப்புவார், மறுபடி ஒரு நூல் திருப்புவார், அதற்குப் பிறகுதான் சாவியைத் தொடுவார். அவருடன் ஓடிய கண்டக்டர் ஒரு வாயாடி. "அண்ணன் ரோட்டுல நடந்து போனாக்கூடத் தோள் மேல மிரர் இல்லையேன்னு தவிப்பாரு" என்பான். டிரைவர் சிரித்துக்கொள்வார். பின்னால் வருகிறவனைப் பார்க்காமல் முன்னால் போகிறவன் டிரைவரே இல்லை என்பது அவர் கட்சி.

வீட்டில் அவருக்குப் பேச்சு குறைவு. காலையில் கிளம்புவார், களைத்துப்போய்த் திரும்புவார், குளிப்பார், சாப்பிடுவார், செய்தி பார்த்தபடியே நாற்காலியில் தூங்கிப்போவார். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, யார்மேலும் கை ஓங்கியது கிடையாது. வேண்டியதை வாங்கிப் போட்டார். அதற்கு மேல் ஒரு வீட்டுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று அவர் யோசித்ததில்லை.

மகன் பன்னிரண்டு வயதில் ஸ்கூல் பைக்குள் ஒளித்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தான். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்ததால் அம்மா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். மேனேஜரும் மகனும் ஒரே கட்டிலில் வளர்ந்தார்கள். டிரைவருக்கும் மேனேஜருக்கும் இருந்த பழக்கம் காலையில் மட்டும்தான். டிப்போவுக்குப் போக எடுக்கும் காருக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் நாயை இரண்டு ஹாரன் அடித்து எழுப்புவார். அது சோம்பல் முறித்து எழுந்து ஒதுங்கும். கார் தெருவில் இறங்கி முனை திரும்பும் வரை கேட்டருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று பாதி கிழிந்து தொங்கும். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் முனை திரும்பியதில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை.

நாய்க்கு வயதாகிவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது மகன் சொன்னான்: "மேனேஜருக்கு இப்பெல்லாம் காது சரியா கேக்கலப்பா. ஹாரன் அடிச்சா எழுந்திருக்க மாட்டேங்கிறான். இறங்கிப் பார்த்துட்டு வண்டியை எடுங்க."

"ம்" என்றார் டிரைவர். டி.வி.யில் எங்கேயோ வெள்ளம் வந்திருந்தது.

அந்த ஒரு எழுத்தை நினைத்து அவர் பிறகு எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டார் என்பதற்குக் கணக்கில்லை. அடுத்த வாரமே மேனேஜர் பின்சக்கரத்தை ஒட்டி, எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத இடத்தில் படுத்திருந்தது. அவர் இரண்டு ஹாரன் அடித்தார். வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்தார். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்தார்.

பல் துலக்கிக்கொண்டிருந்த மகன் வாயில் நுரையோடு ஓடி வந்தான். கத்தவில்லை, திட்டவில்லை. நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் குழி தோண்டினான். அப்பா மண்வெட்டியை வாங்கக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நண்பனின் அறைக்குக் கிளம்பினான். வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீங்க அவனை ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களாப்பா?"

அதோடு பேச்சு நின்றது. அம்மாவுக்கு மட்டும் போன் வரும். அப்பா அறைக்குள் நுழைந்தால் "சரி வச்சிடு" என்று அம்மாவே சொல்லிவிடுவாள். பார்த்திருக்கேனே, தினமும் பார்த்திருக்கேனே என்று டிரைவருக்கு நாக்கு நுனி வரை வரும். சொல்லத்தான் ஆள் இல்லை. அவன் ஒரு தடவை வீட்டுக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து, அப்பா என்று கூப்பிட்டால் போதும். அவருக்கு அதற்கு மேல் ஒரு ஆசையும் இல்லை.

வழி காட்டியது கண்டக்டர்தான். அவன் வீட்டுப் பூனையை ஒரு பெண் படமாகப் போட்டுக் கொடுத்திருந்தாளாம். வண்ணம், காகிதம், நூல், துணி, பூனையின் முடி எல்லாம் சேர்த்துச் செய்வாளாம். "பார்த்தா எழுந்து வந்து பிராண்டிடும்ணே" என்றான். டிரைவர் மறுநாளே போய் நின்றார்.

சைக்கிள் கடைக்கு மேல் ஒரே அறை. ஜன்னலை ஒட்டி நீள மேசை. ஜாம் பாட்டில்களில் பிரஷ்கள், பிஸ்கட் டப்பாக்களில் கிழித்த காகிதங்கள், சுவரெங்கும் நாயும் பூனையும், நடுவில் ஒரு ஆமையும். ஓவியக்காரி முப்பதைத் தாண்டியவள். மூக்கு நுனியில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது; அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று டிரைவருக்குத் தெரியவில்லை.

"பூனைன்னா சுலபம் சார். அதுக்கு நம்மளப் பிடிக்காதுன்னு காட்டிட்டாப் போதும்" என்றாள். "நாய்தான் கஷ்டம். போட்டோ கொண்டு வந்தீங்களா?"

கொண்டு வந்திருந்தார். ஒன்றில் மேனேஜர் கைக்கடக்கமான குட்டி, இரண்டு காதும் முழுசாக இருந்தன. இன்னொன்றில் முகத்தை வயிற்றுக்குள் புதைத்துத் தூங்கியது. மூன்றாவதில் மகனின் முகம் இருந்தது, நாயின் முதுகு இருந்தது. மற்றதெல்லாம் மகனின் போனில் இருந்தன. மனைவியைக் கேட்டிருக்கலாம். ஆனால் இது அவராகவே செய்ய வேண்டிய காரியம் என்று மனசுக்குள் ஒரு வீம்பு. வீட்டில் மூச்சு விடவில்லை.

"பரவாயில்ல, நீங்க சொல்லுங்க, நான் போடுறேன்" என்றாள் அவள். "கண்ணு என்ன நிறம்?"

"பிரவுன். நாய்க்கு பிரவுன்தானேம்மா?"

"தேன் மாதிரியா, காப்பி மாதிரியா?"

டிரைவர் திருதிருவென்று விழித்தார்.

"கூப்பிட்டா தலையைச் சாய்க்குமா? உட்காரும்போது வாலை எங்க வச்சுக்கும்? நெஞ்சுல வெள்ளை இருந்ததா?"

பரீட்சையில் வெற்றுத்தாளோடு உட்கார்ந்த பையனைப் போல் அவருக்குக் காது மடல் சூடேறியது. கடைசியாக அவள் காதைக் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். அட்டையில் அவள் பென்சிலால் போட்டிருந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கம். இந்தப் பக்கக் காது பாதி கிழிஞ்சு தொங்கும். அந்தப் பக்கம் விறைப்பா நிக்கும்."

"நிச்சயமா சார்? ஒட்டி, தைச்சு, மேல வார்னிஷ் அடிச்சதுக்கப்புறம் மாத்த முடியாது. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்."

"எனக்குத் தெரியாதாம்மா? பதினோரு வருஷம் தினமும் பார்த்திருக்கேன்."

அவர் குரலில் இருந்த சூட்டைப் பார்த்து அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன் பிறகு மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடிக்கடி அந்த அறைக்குப் போய் உட்கார்ந்தார். வேலை மெதுவாக நடந்தது. முதலில் அட்டை முழுக்க வெள்ளைப் பூச்சு. அது காய்ந்ததும் மண் நிறத்தில் தண்ணீர் வண்ணத்தை வழியவிட்டாள். கழுத்து மடிப்புகளுக்கு மெல்லிய காகிதத்தைக் கசக்கிப் பசையில் நனைத்து ஒட்டினாள். ரோமத்தைக் கலர் பென்சிலால் ஒவ்வொரு இழையாக இழுத்தாள். மீசை மட்டும் நைலான் நூல். நாயின் சீப்பில் மிச்சமிருந்த முடியை அவர் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதைத் தாடைக்குக் கீழே வைத்து ஒட்டினாள்.

"அது படுத்திருந்த துணி ஏதாவது இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

டிரைவர் மகனின் கட்டிலடியில் தேடினார். கிடைத்தது அவருடைய சட்டை. டிப்போவுக்குப் போட்டுப்போன பழைய காக்கி, பை கிழிந்தது, எங்கே போயிற்று என்று ஒரு காலத்தில் வீட்டையே இரண்டாக்கித் தேடியது. அதில் மேனேஜரின் முடி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. அந்த நாய் இத்தனை வருஷமும் அவர் சட்டையில்தான் தூங்கியிருக்கிறது. டிரைவர் தரையில் உட்கார்ந்து அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். மனைவி கடைக்குப் போயிருந்தது நல்லதாயிற்று.

ஓவியக்காரி சட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, நாய் உட்கார்ந்திருக்கும் தரையாக ஒட்டித் தைத்தாள். கண்ணைத் தேன் நிறமாக வைத்தாள். குட்டிப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். படம் முடிந்த அன்று டிரைவர் அதன் எதிரில் போய் நின்றார். கேட்டருகே உட்கார்ந்து, முனை திரும்பும் வரை தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது தொங்கி.

"அப்படியே இருக்கும்மா" என்றார். பிறகு ஒரு வழியாக அவள் மூக்கில் இருந்த பெயின்டையும் சொல்லிவிட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மிச்சத் துணிமணிகளை எடுத்துப்போக மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று அம்மா சொன்னாள். டிரைவர் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டி, மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டார்.

"என்னங்க இது, உங்க சிலையைத் திறக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"தொடாதே. அவன் வரட்டும்."

அன்று அவர் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலிருந்து காத்திருந்தார். மகன் வந்தான். மெலிந்திருந்தான். அப்பாவைப் பார்க்காமல் நேராக அறைக்குப் போய்ப் பையை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தபோது டிரைவர் விரிப்பை இழுத்தார்.

மகன் பையைக் கீழே வைத்தான்.

கிட்டத்தில் போனான். தாடை முடியை ஒரு விரலால் தொட்டான். காக்கித் துண்டைத் தொட்டான். "இது உங்க சட்டை" என்றான். டிரைவர் தலையாட்டினார். மகனின் கண் நிறைந்தது. எத்தனையோ மாதம் கழித்து அவன் அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். அவன் மறுபடி படத்தின் பக்கம் திரும்பினான்.

"காது பக்கம் மாறியிருக்குப்பா."

"இல்லையே. இந்தப் பக்கம்தான்."

"இல்லப்பா. கிழிஞ்சது அந்தக் காது. நான்தானே மருந்து போட்டேன்."

"நான் தினமும் பார்த்திருக்கேன்டா. கேட்டுல உட்கார்ந்து என்னையே பார்த்துட்டிருப்பான். நான் முனை திரும்பற வரைக்கும்…"

"எங்கேருந்து பார்த்தீங்க?"

"வண்டிலேருந்து. மிரர்ல."

சொன்ன பிறகுதான் டிரைவருக்கே உறைத்தது. எந்த வண்டி எந்தப் பக்கம் ஏறி வருகிறது என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர். ஆனால் ஒரு முகம் கண்ணாடியில் பக்கம் மாறித் தெரியும் என்று யோசிக்க அவருக்கு ஒரு நாளும் தேவை வந்ததில்லை. இறங்கி நேருக்கு நேர் ஒரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தத் தலையை ஒரு தரம் தடவியிருந்தால் கைக்குத் தெரிந்திருக்கும்.

"பதினோரு வருஷமும் மிரர்ல மட்டும்தான் பார்த்தீங்களாப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் பாவப்பட்டுக் கேட்டான். அப்பா என்று கூப்பிட்டதை அவர் கேட்டார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகன் பையை எடுத்துக்கொண்டான்.

"நீயே எடுத்துட்டுப் போ. உனக்காகத்தான் செஞ்சேன்."

"வேணாம்பா. நீங்க பார்த்தது அது. நீங்களே வச்சுக்கங்க."

அம்மா கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். டிரைவர் சமையலறை வாசற்படி வரை போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்குத் தெரியுமா, எந்தக் காதுன்னு?"

"இடது காது" என்றாள் அவள், திரும்பாமல். "கம்பி வேலியில மாட்டிக் கிழிச்சுக்கிட்டான். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேங்க."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய முதுகையும், தளர்ந்த கொண்டையையும், நரையையும் பார்த்தபடி நின்றார். அவள் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு, மிளகளவு. அது வலது கன்னத்திலா, இடது கன்னத்திலா? கண்ணை மூடி அவள் முகத்தை நினைத்துப் பார்த்தார். மச்சம் ஒரு கன்னத்தில் தெரிந்தது, உடனே இன்னொரு கன்னத்துக்குப் போனது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பும் வரை அவருக்குத் தெரியவில்லை.