உப்பு விளையாத கடைசிப் பாத்தி

அந்த வருடம் அத்தையின் பாத்தியில் மட்டும் உப்பு விளையவில்லை. மரக்காணத்தில் மழை விட்டதும் பாத்திகளின் சேற்றை வாரிப்போட்டு, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவோம். பிறகு உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் மாசி பிறக்கும்போது வெள்ளை படர ஆரம்பித்துவிடும். எங்கள் வரிசையில் பாத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டு வந்தன. கடைசிப் பாத்திக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. அங்கே வெறும் தண்ணீர்தான் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

கடைசிப் பாத்தி ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. மேலே ஏரி, நடுவில் மண்கரை, கீழே நாங்கள். ஏரி நெல் போடுகிறவர்களுடையது. எங்களுக்கு அதில் குளிக்கக்கூட உரிமை இல்லை; குளித்தோம் என்பது வேறு விஷயம். அவர்கள் கரைமேல் நின்று ஏரியைப் பார்த்து, தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போடுவார்கள். நாங்கள் கரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உப்பு வாருவோம். நடுவில் இருந்த கரையை இரண்டு பக்கத்தாரும் பார்த்ததில்லை. அந்த வருடம் மழை அதிகம். மாசியிலும் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. பெயர் பள்ளிக்கூடத்தில் இருந்தது, ஆள் உப்பளத்தில் இருந்தேன். பிற்பாடு செங்கல் சூளை, பாலம் கட்டுகிற இடம், ஆரோவில்லில் ஒரு சமையல்கட்டு என்று எங்கெங்கோ சுற்றிவிட்டேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கிளியனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவள். அவள் முதுகில் இருந்த தழும்புகளைக் குளிக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். முதலாளிக்காக எங்களை வேலை வாங்கிய கங்காணி, வேறு யாரும் வேண்டாமென்ற கடைசிப் பாத்தியை அவளுக்குக் கொடுத்தார். அது விளையாமல் போனதும் பேச்சு அவள் கையின்மேல் திரும்பியது. வாழப்போன இடத்திலும் விளங்கவில்லை, வந்த இடத்திலும் விளங்கவில்லை, அந்தக் கைக்கு ராசி அவ்வளவுதான் என்றார்கள். அத்தை பாத்தியை வடித்துவிட்டு மறுபடியும் மிதித்தாள். மறுபடியும் தண்ணீர் பாய்ச்சினாள். மறுபடியும் ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் வேறு ஆளைப் போடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டார். பாத்தி போனால் கிளியனூருக்கே திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பாத்தியில் உப்பு இல்லை என்பதுதானே பிரச்சினை? பக்கத்திலே குவியல் குவியலாகக் கிடக்கிறதே.

உப்பளத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிப் பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். உச்சிவெயிலில் அங்கே ஒரு ஆளைப் பார்க்க முடியாது, ஊரே தூங்கும். திருடுவதற்கு இருட்டைவிட அந்த வெயில் பாதுகாப்பானது. திங்கட்கிழமை மதியம் அம்மாவின் பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டு போய், கங்காணியின் குவியலிலிருந்து மூன்று பேசின் வாரி, அத்தையின் பாத்தி முழுக்கத் தூவினேன். கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. மறுநாள் பார்த்தால் ஒரு கல் இல்லை.

செவ்வாய்க்கிழமையும் மூன்று பேசின். இந்த முறை போகாமல் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். கரைப்பக்க மூலையில்தான் உப்பு முதலில் கரைந்தது. தட்டு அளவுக்கு ஒரு வட்டம் சுத்தமாகத் துடைத்த மாதிரி ஆனது. கிட்டே போனால், வட்டத்தின் நடுவில் அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. மெல்லிய மணல் உலைநீர்போல அதில் கொதித்தது. கையை விட்டேன், சில்லென்று இருந்தது. நாக்கில் வைத்தேன், குடிதண்ணீர்.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் அத்தையே மறந்துபோனாள். உப்பளத்தின் நடுவில் எனக்கென்று ஒரு ஊற்று! புளியங்கொட்டைகளைப் போட்டேன், அவை துள்ளித் துள்ளி ஆடின. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அங்கே என்ன வேலை என்ற கேள்வி வரும், பேசின் கதையும் வெளியே வரும். புதன்கிழமை ஊற்றைச் சுற்றி மணல் ஒரு சின்ன மேடாக, நடுவில் குழியோடு நின்றது. அப்போதும் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் வந்தது. வியாழக்கிழமை அது டீ நிறத்துக்கு மாறியிருந்தது. கையை விட்டால் முழங்கை வரைக்கும் போனது.

அப்படி முழங்கைவரை விட்டபடி, பக்கத்தில் உப்புப் பேசினோடு படுத்துக்கிடந்தபோதுதான் கரைமேல் சைக்கிள் நின்றது. லஸ்கர். ஏரி மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆள். அந்த வெயிலில் அவர் எதற்கு வந்தாரோ, காக்கிக் கால்சட்டையை மடித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். நான் பேசினைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தால் அவர் என்னைத் துரத்தவில்லை. ஊற்றின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். பேசின் அவர் கையில் இருந்தது. சாட்சிக்கு எடுத்து வைத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய் அத்தையை உலுக்கி எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு திருடினேன், லஸ்கர் பார்த்துவிட்டார், கங்காணியிடம் சொல்லப்போகிறார். அத்தை அடிக்கவில்லை. கூந்தலை முடிந்துகொண்டு என் கையைப் பிடித்து, “வா, நானே சொல்லிக்கிறேன்” என்றாள். திருட்டைத் தன்மேல் போட்டுக்கொள்ளத்தான் போகிறாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

நாங்கள் பாத்திக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தை வாயைத் திறக்குமுன் லஸ்கர் என்னிடம் கேட்டார். “ஏம்மா, இது எத்தினி நாளா வருது?”

“நான்தாங்க எடுத்தேன், கொழந்தைக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள் அத்தை.

“உப்ப யாரும்மா கேட்டாங்க? பாப்பா, நீ சொல்லு. மொதல்ல இருந்தே இப்படிக் கலங்கித்தான் வந்துச்சா?”

“இல்ல. செவ்வாக்கெழம பார்த்தேன், நேத்து வரைக்கும் தெளிவா வந்துச்சு. இன்னிக்குத்தான் டீ மாதிரி.”

அவர் எழுந்து கரையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சைக்கிளை நோக்கி ஓடினார். வயிறு பெருத்த அந்த மனிதர் ஓடுவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் நெல் போடுகிற மேலூர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். தூக்கம் கலைந்து எங்கள் ஆட்களும் வந்தார்கள். இத்தனை பேரா ஒரு திருடியைப் பிடிக்க என்று நான் அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்தேன். ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. மேலூர்க்காரர் ஒருவர், நாலு கூடை களிமண்ணைப் போட்டு மிதித்து அடைத்துவிடலாம், இதற்குப் போய் இத்தனை கூட்டமா என்றார். லஸ்கர் கூடாது என்றார். மதகைத் திறந்து ஏரியைக் கொஞ்சம் இறக்கவேண்டும் என்றும் சொன்னார். அதற்குத்தான் பெரிய சண்டை வந்தது. பயிர் பாதியில் நிற்கிறது, தண்ணீரை வீணாக்கச் சொல்கிறாயா என்றார்கள்.

யாரோ தூக்கிப்போட்ட சாராயப் பாட்டில் ஒன்று கரையில் கிடந்தது. லஸ்கர் அதைக் கழுவி ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, கரைமேல் ஒரு கல்லில் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். மெல்ல மெல்ல அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் படிந்தது.

“இது எந்த மண்ணு தெரியுதா?” என்றார். “நீங்க நிக்கிற கரையோட மண்ணு. உள்ளேருந்து போய்க்கினு இருக்குது. ஒரு வாயை அடைச்சா வேற எடத்துல தொறக்கும். தண்ணி வந்தா வரட்டும், மண்ணு வரக்கூடாது.”

நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். களிமண் போடச் சொன்னவர்தான் முதலில் மதகுப் பக்கம் நடந்தார்.

பொழுது சாய்வதற்குள் எங்கள் உப்புக் கோணிகளில் மண்ணை நிரப்பி ஊற்றைச் சுற்றி வளையம் கட்டினார்கள். வளையத்துக்குள் மேலூர் வண்டிகளில் வந்த மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. கங்காணியும் கோணி தூக்கினார். என்னுடைய பேசினில்தான் அத்தை மணல் சுமந்தாள். எல்லாம் முடிந்த பிறகும் ஜல்லிக்கு மேலே தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து ஒரு ஓட்டையை அடைக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பாத்தி போகவில்லை என்று சொல்ல முடியாது. கோணியும் ஜல்லியும் அதை விழுங்கிவிட்டன. ஆனால் கங்காணி வரிசையின் நடுவில் வேறொரு பாத்தியை அத்தைக்கு விட்டார். திருட்டைப் பற்றி அவர் கடைசிவரை கேட்கவில்லை. புதுப் பாத்தி பத்தே நாளில் வெளுத்தது. கைராசி பேசியவர்கள், அவளுக்கு எப்போதுமே நல்ல கைதான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

லஸ்கர் அத்தையிடம் ஒரு வேலையை விட்டுப்போயிருந்தார். தினமும் காலையில் ஊற்றுத் தண்ணீரை அந்தப் பாட்டிலில் பிடித்துக் கரைமேல் வைக்க வேண்டும். படிகிற மண் கூடினால் உடனே ஆள் அனுப்ப வேண்டும். முதல் நாள் அரை விரல் படிந்தது. அடுத்த நாள் நூல் அளவு. அதன் பிறகு ஒன்றுமில்லை. சித்திரையில் ஏரி வற்றி, கரையை வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே நண்டு வளை ஒன்று என் கை நுழைகிற அளவுக்கு இருந்தது. அதைத் தோண்டி எடுத்துக் களிமண் போட்டு இடித்துக் கட்டினார்கள். அதுவரை ஒரு நாள்கூட அத்தை பாட்டிலை வைக்காமல் இருந்ததில்லை.

உப்பு வாரி முடித்து, உள்ளங்கால் வெடித்து ரத்தம் கசிகிற நாளிலும் அவள் கரையேறி வருவாள். பாட்டிலை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துக் குலுக்கிப் பார்ப்பாள். நானும் எட்டிப் பார்ப்பேன்.

“இன்னா அத்த தெரியுது?”

“ஒண்ணும் இல்லடி” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஒன்றும் இல்லாததைப் பார்ப்பதற்கு எதற்கு இவ்வளவு தூரம் ஏறி வருகிறாள் என்று அலுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரை என் காலில் ஊற்றிக் கழுவிவிட்டு இறங்கி ஓடுவேன்.