பொன்னேரிக்கரையில் நான் ஜெயித்த சண்டை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய வைகாசி மாதம். சென்னையில் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் காஞ்சிபுரம் திரும்பிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லியில் வேலூர் பேருந்து வந்தது. பலகையில் 'வழி: காஞ்சிபுரம்' என்று இருந்ததைப் பார்த்துத்தான் ஏறினேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழைய வயிற்றெரிச்சல். பெங்களூர் நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் வெளியோடு போய்விடுகிறது. வேலூர் பக்கம் போகும் பேருந்துகளில் சில, ஊருக்குள் நுழைந்தால் நேரமாகும் என்று, எங்களை நெடுஞ்சாலைமேலேயே இருக்கும் பொன்னேரிக்கரையில் உதிர்த்துவிட்டுப் பறந்துவிடும். அங்கிருந்து ஆட்டோவுக்கு அலைய வேண்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் விதிகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவன் நான். இப்படி இறக்கிவிடும்போதெல்லாம் நடத்துநரிடம் சண்டை போடுவேன்.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் நடத்துநர் குரல் கொடுத்தார். "காஞ்சிபுரம்லாம் பொன்னேரிக்கரைல எறங்கிக்கோ. ஊருக்குள்ள சாமி வந்துக்கினு இருக்குது. வண்டி உள்ள போவாது."

அன்று பெருமாள் கருடன்மேல் ஊரைச் சுற்றிவரும் கருட சேவை. நான் விடவில்லை. எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், மதியம் தாண்டியாயிற்று, இந்நேரத்துக்குச் சாமி கோயிலுக்குத் திரும்பியிருக்கும், எனக்கா சொல்லித் தருகிறாய் என்று எழுந்து நின்றேன். பலகையில் போட்ட ஊருக்குப் போகாவிட்டால் புகார் கொடுப்பேன் என்றேன். காஞ்சிபுரத்துக்குச் சீட்டு வாங்கிய மற்றவர்களும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள்.

அப்போது முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் திரும்பினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு துணிப்பையைத் தவிர ஒன்றும் இல்லை. "அய்யா, கொஞ்சம் வெளியவே எறங்கிக்கோங்கய்யா. எனக்கு ரொம்ப அவசரம்" என்றாள். கண்கள் சிவந்திருந்தன. அதைப் பார்த்தேன். பார்த்தும், "அவசரம் எல்லாருக்கும்தான்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடத்துநர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓட்டுநர் சலித்துப்போய்ப் பொன்னேரிக்கரையில் இடப்புறம் திருப்பினார். நான் வெற்றியோடு உட்கார்ந்தேன்.

ஊரின் முனையிலேயே மாட்டிக்கொண்டோம். வழியெங்கும் மண்டகப்படிகளில் பூஜைக்காக நின்று நின்று வந்ததில் அந்த வருடம் சாமி தாமதம். முன்னே வேன்கள், பின்னே கார்கள், நடுவில் எங்கள் பேருந்து. பின்னுக்கு எடுக்கவும் வழியில்லை. நடத்துநர் என்னைப் பார்த்து, "பெருசு, நீ சொன்ன சட்டம்லாம் கரெக்டுதான். சாமி நவுந்தாத்தானே பஸ்ஸு நவுரும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய கைபேசி ஒலித்தது. "அண்ணே, காஞ்சிபுரத்துல நின்னுட்டுதுண்ணே. எடுத்துடாதீங்க. அப்பா மொகத்த ஒரு தரம் பாத்துடறேண்ணே" என்றாள்.

என்ன செய்வது என்று யோசிக்கக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு, "வாம்மா" என்று இறங்கினேன். அவளும் பின்னாலேயே வந்தாள். கூட்டத்தைக் கடந்து நடந்து, ஒரு ஆட்டோவைப் பிடித்து, எனக்குத் தெரிந்த சந்துகள் வழியாக ஊரின் மறுபக்கத்தில் உள்ள வெள்ளைகேட் போய் மறுபடி நெடுஞ்சாலையைப் பிடித்தோம்.

அங்கே ஒரு பேருந்தும் நிற்கவில்லை. எல்லாம் மேம்பாலத்தின் மேலேயே பறந்தன. கீழே நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். கடைசியில் காலித் தக்காளிப் பெட்டிகளோடு வந்த ஒரு குட்டி யானை சரக்கு வண்டி நின்றது. அவளை மட்டும் ஏற்றிவிட்டிருக்கலாம். ஆனால் என் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நானும் ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

வழியெல்லாம் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒரே ஒருமுறைதான் பேசினாள். "கண்ணுக்கு மருந்து ஊத்தியிருக்கீங்க போலக்குது. காத்து படாம கர்சீப்பு வச்சிக்கோங்கய்யா" என்றாள். நான் கர்சீப்பை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

காவேரிப்பாக்கத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பறைச் சத்தம் கேட்டது. அவர்கள் ஊர் சாலைக்கு இந்தப் பக்கம், சுடுகாடு அந்தப் பக்கம். பாதி வழியில் பாடையை இறக்கி வைத்துத் திசை மாற்றித் தூக்குவது அங்கே வழக்கம். பெண்கள் அதுவரைதான் வருவார்களாம். அதற்கான இடம் நெடுஞ்சாலையின் ஓரமாக அமைந்திருந்தது. அங்கே பாடையை இறக்கி வைத்தவர்கள், மகள் வருகிறாள் என்று தூக்காமல் காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் சிலர் நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினாள். லாரிகள் பக்கத்தில் இரைந்துகொண்டு போயின. அந்த இரைச்சலிலும் அவள் அழுத குரல் தனியாகக் கேட்டது. அப்பாவின் கன்னத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தக்காளி வண்டியின் மறைவில் நின்றேன்.

பாடையைத் தூக்கிய பிறகு அவளுடைய அண்ணன் என்னை நோக்கி வந்தார். அவள்தான் கையைக் காட்டி அனுப்பினாள். "நடு வழில பஸ்ஸு நின்னுடுச்சுண்ணே. இந்த அய்யாதான் அவ்ளோ தூரத்துலர்ந்து கூடவே வந்து கொண்டாந்து சேத்தாரு" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. பேருந்து ஏன் நின்றது என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

கொள்ளிச் சட்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் ரோட்டோரத்திலேயே என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நீங்க இல்லன்னா எந்தங்கச்சி காலத்துக்கும் அழுதுக்கினே இருந்திருப்பா சாமி" என்றார்.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் தோளைத் தொட்டு, "போங்க, நேரமாகுது" என்று மட்டும் சொன்னேன். எதிர்ப்பக்கம் போய் நின்று காஞ்சிபுரத்துக்கு ஒரு பேருந்து பிடித்தேன்.

நடந்ததை வீட்டில்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அவர்களும் என்னை நல்லவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். தகப்பனை இழந்து நின்ற அந்த வேளையிலும் ஒரு கிழவனின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த அந்தப் பெண்ணின் மனசுக்கு முன்னால், நான் வாங்கிக்கொண்டு வந்த அந்தக் கும்பிடு இன்றுவரை எனக்குக் கூசிக்கொண்டே இருக்கிறது.